எங்கே இறக்குவீர்கள்?

அம்மாவுக்கு நான் காட்டிய முதல் பறக்கும் வண்டி லிலியம். ஜெர்மனியில் செய்தது. வெள்ளை வெளேரென்று, பின்பக்கம் வால் இல்லாமல், இறக்கை நெடுகிலும் 36 குட்டி விசிறிகள் பதித்த ஜெட். விசிறிகளைக் கீழே பார்க்கத் திருப்பி நேராக எழும்பும். எழும்பின பிறகு மெல்லப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு விமானம் மாதிரி வழுக்கிப் போகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத வீடியோ அது. அம்மா அரிசி களைந்துகொண்டே முழுசாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நல்லாத்தான் கீது. இது எங்கடா எறங்கும்?"

நான் சிரித்தேன். அப்போது அப்பா இருந்தார். அவரும் சிரித்தார்.

லிலியம் 2024 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. மோதிர வளையத்தில் 18 சுழலிகள் வைத்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றிப் பறக்கப் போகிறோம் என்று சொன்ன வோலோகாப்டர், ஒலிம்பிக்கில் பயணி யாரையும் ஏற்றவில்லை. அதே வருடக் கடைசியில் அதுவும் திவால். கம்பெனிகள் மூடுவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. ஒன்று போனால் இன்னொன்று வரும், சீனாவிலிருந்தாவது வரும். என் சண்டை வேறு. இத்தனை கோடி டாலர், இத்தனை பொறியாளர்கள், இத்தனை விசித்திர வடிவங்கள், எல்லாம் சேர்ந்தும் அம்மா கேட்ட கேள்வியைச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நான் விமானப் பொறியாளன் இல்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா. மாதவரத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் பராமரிப்பு வேலை. முப்பது டன் பெட்டியைக் கழுத்தை நீட்டித் தூக்கி அடுக்கின் மேல் அடுக்காக வைக்கிற வண்டி அது. எதைத் தூக்கினாலும் கீழே இருப்பதை அமுக்கித்தான் தூக்க முடியும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. யார்டு தரையில் பிளந்து கிடக்கும் கான்கிரீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து வந்தால் பறக்கும் வண்டி வீடியோ பார்ப்பேன். ஆங்கிலச் சுருக்கத்தில் ஈ-விடோல் என்பார்கள்: மின்சாரத்தில் ஓடி, ஓடுபாதை இல்லாமல் செங்குத்தாக ஏறி இறங்கும் விமானம். எனக்கு அது பறக்கும் வண்டிதான்.

இந்த வண்டிகள் ஏன் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை? கார் என்றால் நாலு சக்கரம், பஸ் என்றால் ஒரு பெட்டி. இங்கே மட்டும் ஏன் இப்படி ஒரு மிருகக்காட்சி சாலை? காரணம் எளிமையானது, கொடுமையானது. ஒரு எடையை அந்தரத்தில் நிறுத்திவைக்கக் காற்றைக் கீழே தள்ள வேண்டும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம், கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளலாம். தூக்குகிற எடை அதேதான், ஆகிற செலவு அதே இல்லை. சுழலிகளின் மொத்த வட்டப் பரப்பை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால், மிதப்பதற்கே இரண்டு மடங்கு சக்தி வேண்டும். கீழே அடிக்கிற காற்றின் வேகமும் இரண்டு மடங்காகும். ஹெலிகாப்டர் அவ்வளவு பெரிய விசிறியைத் தலையில் சுமந்து திரிவது அழகுக்காக இல்லை.

ஆனால் அந்தப் பெரிய விசிறி வேகமாக முன்னே போக உதவாது. அதற்கு இறக்கை வேண்டும். இறக்கையோ நின்ற இடத்தில் ஒரு கிலோவைக்கூடத் தூக்காது. எரிபொருள் தாராளமாக இருந்தால் இந்த முரணைப் பணத்தைக் கொட்டிச் சமாளிக்கலாம். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல். ஒரு கிலோ நல்ல லித்தியம் செல்லில் 250, மிஞ்சினால் 300. எஞ்சின் பாதிக்கு மேல் சூடாகவே வீணாக்குகிறது என்று கழித்தாலும் இந்தப் பள்ளம் மூடாது. ஆகவே ஒவ்வொரு வடிவமும் ஒரு பேரம்: மிதப்பதற்கு எவ்வளவு கொடுப்பாய், போவதற்கு எவ்வளவு எடுத்துக்கொள்வாய்.

சீனாவின் ஈஹாங் இறக்கையே வேண்டாம் என்று முடிவெடுத்தது. எட்டுக் கைகள், 16 சுழலிகள், உள்ளே இரண்டு பேர், விமானி கிடையாது. 2023 அக்டோபரில் அந்நாட்டு அரசின் வகைச் சான்றிதழே வாங்கிவிட்டது. அமெரிக்காவின் ஜோபி ஆறு சுழலிகளையும் ஏறும்போது மேலே பார்க்கவும் போகும்போது முன்னே பார்க்கவும் திருப்புகிறது. ஆர்ச்சர் பன்னிரண்டில் முன்வரிசை ஆறை மட்டும் திருப்புகிறது. பின்வரிசை ஆறும் ஏறி முடித்ததும் சும்மா நிற்கும், கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் நிற்கும் சமையல் ஆட்கள் மாதிரி. ஏர்பஸ் ஒருகாலத்தில் வாஹனா என்று நம் ஊர்ப் பெயர் வைத்து இறக்கையையே முழுசாகச் சாய்த்துப் பார்த்தது, பிறகு கைவிட்டது. ஆஸ்திரியாவின் சைக்ளோடெக் செய்வது எல்லாவற்றையும்விடக் கிறுக்கு. அதில் விசிறியே கிடையாது, படுக்கை உருளைகள்தான். தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுற்றும்போது ஒவ்வொரு தொட்டியும் தன் சாய்வைத் தானே மாற்றிக்கொள்கிற மாதிரி, உருளையின் தகடுகள் ஒவ்வொரு சுற்றிலும் கோணத்தை மாற்றுகின்றன. அதனால் எந்தத் திசையில் வேண்டுமானாலும் சட்டென்று உந்த முடியும். எனக்கு மிகப் பிடித்தது பிளாக்ஃப்ளை. சக்கரம் கிடையாது, ஆமை மாதிரி வயிற்றில் உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு இறக்கை, பின்னால் ஒரு இறக்கை, இரண்டிலும் நாலு நாலு மோட்டார். எதையும் திருப்பாது, ஏற வேண்டுமென்றால் ஆளோடு சேர்த்து மொத்த உடம்பையும் சாய்த்துக்கொண்டு ஏறும்.

அந்தப் பிளாக்ஃப்ளையின் அடுத்த வடிவத்தைக் காசு கொடுத்தால் இன்றைக்கே வாங்கலாம். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி அது அல்ட்ராலைட் வகை. விமானி உரிமம் வேண்டாம், பதிலுக்கு ஒரு நிபந்தனை: ஜனநெருக்கடியுள்ள பகுதிக்கு மேலே பறக்கக் கூடாது. நெரிசலைத் தாண்டிப் போவதற்கென்று பிறந்த கூட்டத்தில், கடையில் கிடைக்கிற வண்டிக்கு நெரிசலுக்கு மேலே போகத் தடை! யாரும் இதைக் காமெடியாகப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன்.

இந்த விசித்திரங்கள் புதுசும் இல்லை. 1954-ல் அமெரிக்கக் கடற்படைக்காகக் கான்வேர் கம்பெனி போகோ என்றொரு விமானம் செய்தது. வாலைத் தரையில் ஊன்றி மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே நேரே எழும்பும், மேலே போய்ப் படுத்துக்கொண்டு சாதா விமானமாகப் பறக்கும். எழும்புவது பிரமாதம், பறப்பது பிரமாதம். இறங்குவதுதான். மறுபடி மூக்கை நிமிர்த்தி வாலில் உட்கார வேண்டும். விமானி மல்லாந்த நிலையில், தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பித் தரையைப் பார்த்துக்கொண்டே, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்று குத்துமதிப்பாகக் கணித்து இறக்க வேண்டும். கைதேர்ந்த சோதனை விமானிகளுக்கே அது கழுத்தை அறுத்தது. சாதாரண விமானிகளால் முடியாது என்று திட்டத்தையே மூடினார்கள்.

தரை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஏறுவதற்கு முன்னால் பார்த்த தரை இறங்கும்போது தெரிவதில்லை. எழுபது வருடம் ஆகியும் இந்தத் தொழிலே அந்த போகோ விமானியின் நிலையில்தான் இருக்கிறது என்று நான் சொல்லும்போது, உவமைக்காகச் சொல்லவில்லை. டெல்லிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் இண்டர்குளோப் குழுமமும் ஆர்ச்சரும் கைகோத்து 200 வண்டிகள் கொண்டுவருவோம் என்றார்கள். கன்னாட் பிளேஸிலிருந்து குர்கானுக்கு ஏழே நிமிடம் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஏழு நிமிடம் என்பது வானத்தின் கணக்கு. ஏறுமிடத்துக்கு வந்து சேர்வதும், இறங்கிய இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போவதும் அதே பழைய ரோட்டில்தானே? அந்த நிமிடங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

நெரிசலைத் தீர்க்கும் என்கிற வாதத்தை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே முடித்துவிடலாம். ஒரு இறங்குதளத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்து போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு இருபது. ஒவ்வொன்றிலும் நாலு பயணி. எண்பது பேர். காலை எட்டரைக்கு மூலக்கடையில் நின்று பாருங்கள், படியில் தொங்குகிறவர்களையும் சேர்த்து எண்பது பேர் ஒரே மாநகரப் பேருந்தில் போகிறார்கள்.

சரி, டாக்ஸி பணக்கார விளையாட்டு, விடுங்கள், ஆம்புலன்ஸுக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குத் தொண்டையில் முள்.

நம் சென்னையிலேயே ஒரு பறக்கும் வண்டி உருவாகிறது. சென்னை ஐ.ஐ.டி. விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கிய ஈ-பிளேன் கம்பெனி. இறக்கையும் வேண்டும், தூக்குகிற சுழலிகளும் வேண்டும், ஆனால் மொத்த உடம்பும் அடக்கமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். 2025 பிப்ரவரியில் ஐகாட் என்கிற விமான ஆம்புலன்ஸ் நிறுவனம் அவர்களிடம் 788 வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. நூறு கோடி டாலருக்கு மேல். நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என்பது திட்டம். விமானி, மருத்துவ உதவியாளர், ஸ்ட்ரெச்சரில் நோயாளி.

செய்தியைப் படித்த அன்று நான் யார்டில் ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

2022 ஆடி மாதம். விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவுக்கு வாய் கோணியது. வலது கை விழுந்தது. பக்கவாதம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை மிஞ்சும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் போகிறது. 108 வண்டி கால் மணி நேரத்தில் வந்துவிட்டது, அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். மாட்டிக்கொண்டது ரோட்டில். பெட்டி ஏற்றிய டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. அதன் பின்னால் இன்னும் முப்பது, நாற்பது டிரெய்லர். ஒரு பக்கம் மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்பு. திரும்ப முடியாது, ஒதுங்க முடியாது. டிரைவர்கள் இறங்கி வந்து, கிளீனர்களை ஓடவிட்டு, ஒவ்வொரு வண்டியாக அரை அடி முன்னே அரை அடி பின்னே எடுத்து வழி செய்தார்கள். ஐம்பது நிமிடம். ஒரு டிரைவர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துவிட்டு, "அண்ணனா? நம்ம அண்ணனா?" என்று கேட்டது காதில் நிற்கிறது. அப்பா இருபத்தேழு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். அவர் நின்ற வரிசையேதான் அது.

அப்பா அன்றைக்குச் சாகவில்லை. பேச்சு போனது. அடுத்த பதினாலு மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே 788 என்ற எண்ணை நான் நக்கலடிக்கவே மாட்டேன். கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். அன்றைக்கு அந்த வண்டி இருந்திருந்தால்? எங்கள் தெரு அகலம் பதினாறு அடி. மேலே ஈ.பி. லைன், கேபிள் ஒயர், அதற்கு மேலே இணைய ஒயர். மொட்டை மாடியில் சின்டெக்ஸ் தொட்டி, கொடிக்கயிறு, எதிர் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அங்கே எதுவும் இறங்காது. திறந்த இடமென்றால் கால்நடைப் பல்கலைக்கழகப் பக்கம், பால் பண்ணைப் பக்கம் போக வேண்டும். அங்கே வரை அப்பாவை யார் கொண்டுபோவது? ஆம்புலன்ஸ். அந்தப் பக்கம் மருத்துவமனை வளாகத்தில் தளம் இல்லையென்றால், இறங்கிய இடத்திலிருந்து மறுபடியும் ஆம்புலன்ஸ். இரண்டு ஆம்புலன்ஸுக்கு நடுவில் ஒரு விமானம். நோயாளியை நாலு தடவை தூக்கி மாற்ற வேண்டும். ஆகிற நேரத்தை விதவிதமாகக் கூட்டிப் பார்த்தேன். சில கூட்டல்களில் பத்து நிமிடம் மிச்சம், சிலவற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

மாவட்டத்துக்கு ஒன்று என்பதிலும் எங்களுக்கு ஒரு தனிச் சிரிப்பு உண்டு. 2018-க்கு முன்னால் நாங்கள் திருவள்ளூர் மாவட்டம். பிறகு சென்னை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய கணக்கிலேயே விட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் பெரிய பங்கு கிடைத்திருக்கும். சென்னைக்கு ஒரே ஒரு வண்டி என்றால் அது எந்த மொட்டை மாடியில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? எண்ணூரிலா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். அன்றைக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வண்டி வானத்திலிருந்து இறங்கியிருந்தால் யாரை ஏற்றியிருக்கும்? அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல். அந்தக் காற்றிலும் மழையிலும் எந்தப் பறக்கும் வண்டியும் மூக்கை நீட்டியிருக்காது. எங்களை மீட்டது படகு.

இறக்குவது என்பது இடம் மட்டுமில்லை, காற்றும்தான். அடக்கமான வண்டி, சின்ன சுழலி, வேகமான கீழ்க்காற்று. 2024 டிசம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்த வகை வண்டிகள் கீழே அடிக்கிற காற்றை அளந்து அறிக்கை விட்டது. மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசக்கூடிய பரப்பைத் தளத்தைச் சுற்றித் தனி எச்சரிக்கை எல்லையாகக் குறிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காற்று கான்கிரீட் தளத்தில் அடித்தால் அமெரிக்கப் பிரச்சினை. எங்கள் ஊரில் அடித்தால், லாரிகள் கொட்டிவிட்டுப் போன நிலக்கரித் தூசும், கட்டு அவிழ்ந்த தகரமும், மாடியில் காயும் வடாமும் சேர்ந்து எழும்பும். வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கிறார்கள், தூரத்து ஜன்னலில் கேட்கிற சத்தத்தையும் அளக்கிறார்கள். கீழே நிற்கிறவனின் கண்ணில் விழுகிற மண்ணை ஆரம்பத்திலேயே வரைபடத்தில் கொண்டுவந்த வடிவம் எது? காட்டுங்கள், கைதட்டுகிறேன்.

உத்தரகண்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபரில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது. நல்ல திட்டம். மலையில் அதைப் போல உதவி வேறில்லை. 2025 மே மாதம் ஒரு நோயாளியை எடுக்கப் போய், கேதார்நாத் தளத்துக்குப் பக்கத்தில் அது நொறுங்கி இறங்கியது. உள்ளே இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். மறுபடி அதேதான்: கடைசிச் சில மீட்டர்.

இப்போது மறுபக்கம் இருக்கிற தோழர்களிடம் வருகிறேன். சோற்றுக்கே வழியில்லாத ஊரில் பறக்கும் வண்டியா என்று மீம் போடுகிறவர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் அதிகம். வடசென்னைக்காரன் வானத்தைப் பார்க்கக் கூடாதா? 1910-ல் இந்த ஊரில் டி'ஏஞ்சலிஸ் என்ற ஒரு ஓட்டல்காரர், குதிரை வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி ஆட்களை வைத்து விமானம் கட்டி, பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். அன்றைக்கும் ஊரில் பசி இருந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா அணி ஆஸ்திரேலியாவரை போய் மருத்துவ ட்ரோன் போட்டியில் பறந்து காட்டியது. இயந்திரம் செய்வது பாவமில்லை. கனவு காண்பதற்கு ரேஷன் கார்டு கேட்காதீர்கள். ஈ-பிளேன்காரர்கள் உடம்பைச் சுருக்கப் பாடுபடுவதில் எனக்கு மரியாதை இருக்கிறது. உலகத்தில் பாதிப் பேர் எவ்வளவு தூரம் போகும் என்று போட்டி போடும்போது, எவ்வளவு இடத்தில் அடங்கும் என்று கேட்பது நம்ம ஊர் மூளை. பாதி வழிவரை அது அம்மாவின் கேள்விதான்.

மீதிப் பாதிதான் சிக்கல். அதைச் சொல்ல நான் தண்ணிக்குப் போக வேண்டும்.

மாதவரத்துக்கு அந்தப் பக்கம் புழல் ஏரி. சென்னைக்கே குடிக்கக் கொடுக்கிற ஏரி. இந்தப் பக்கம் நாங்கள் கேன் தண்ணி வாங்கிக் குடிக்கிறோம். என் சின்ன வயதில் தெருவில் தண்ணி வரவில்லை என்றால் குடத்தோடு ரோட்டை மறிப்பார்கள். வாத்தியார் வீட்டு அம்மாவும் வருவார், லாரி டிரைவர் வீட்டு அம்மாவும் வருவார். கேன் வந்தது. முதலில் வாத்தியார் வீடு கேனுக்குப் போனது. பிறகு கடைக்காரர் வீடு. மறியலில் தலை குறைந்தது. மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் இங்கிலீஷில் சண்டை போடத் தெரிந்தவர்கள் எல்லாம் கேன் வீட்டில். கடைசியில் குழாய்க்காகச் சண்டை போட ஆளே இல்லை. இன்வெர்ட்டர் வந்தபோது கரண்டுக்கும் இதே கதை.

ரோட்டில் மட்டும்தான் இன்னும் எல்லோரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறோம். மந்திரி கார் கொஞ்சம் முன்னால் போகும், அவ்வளவுதான். துறைமுகம்–மதுரவாயல் உயர்த்தப்பட்ட சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் நின்றது. 2022-ல் திரும்ப இன்னொரு அடிக்கல். நடுவில் நின்ற தூண்களைப் பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறை டிரைவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், என் அப்பா உட்பட. அந்தத் தூணுக்குக் கீழே மாட்டிக்கொண்ட கம்பெனி முதலாளியும் ஏதோ ஒரு நாள் போனைப் போட்டு யாரையாவது திட்டினார் என்பதால்தான் கோப்பு கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். அந்த முதலாளியை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? கீழே டிரெய்லரும் 108-ம் தனியாக நிற்கும். பறக்கும் டாக்ஸி நெரிசலைக் குறைக்காது. நெரிசலைப் பற்றிச் சத்தம் போடக்கூடிய ஆட்களைக் குறைக்கும். எனக்கு இருக்கிற பயம் இது ஒன்றுதான். விபத்தைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு பயமில்லை.

2023 மே மாதம் வேலூர் அல்லேரி மலையில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மலையடியிலேயே நின்றுவிட, தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். செங்குத்தாக இறங்கும் வண்டிக்கு இதைவிட நியாயமான இடம் தமிழ்நாட்டில் இருக்காது. பரந்த வெளி, ஒயர் இல்லை, தூரம் கொஞ்சம். ஆனால் அந்த ஜனங்கள் கேட்டது ரோடு. ரோட்டில் ரேஷன் அரிசியும் வரும், டீச்சரும் வருவாள். ரோட்டோடு சேர்த்து வண்டியையும் கொடுங்கள் என்று நான் சொல்வேன். ரோட்டுக்குப் பதிலாக என்று எவனாவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

கேட்கிறவர்களுக்கு என் பேரத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆளில்லாமல் பறங்கள். பாம்புக்கடி மருந்து, ரத்தம், அறுவைக்குத் தேவையான சாமான் கொண்டுபோங்கள்; விழுந்தால் பெட்டிதான் விழும். ஆளை ஏற்றுவதாக இருந்தால், சென்னையின் முதல் தளத்தை ஓ.எம்.ஆரில் கட்டாதீர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுங்கள். பழைய ஜெயில் ரோட்டில், அந்த நெரிசலில், அந்தக் காற்றில். அங்கே இறங்க முடிகிற வடிவம் எதுவோ அதுதான் நல்ல வடிவம். அதற்குச் சுழலி பன்னிரண்டா பதினாறா, ராட்டினமா ஆமையா, எனக்குக் கவலையில்லை. அங்கே இறங்க முடியாதென்றால் அது பறக்கும் வண்டி இல்லை, இடம் வைத்திருப்பவனின் வண்டி. அப்படியே சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். எங்கள் சாவைக் காட்டி விற்காதீர்கள்.

இதற்கு நடுவில் பூமிக்குக் கீழே ஒரு விஷயம் நடக்கிறது. 2022 அக்டோபரில் மாதவரம் பால் பண்ணையில் மெட்ரோவுக்காகச் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை இறக்கினார்கள். நீலகிரி என்று பெயர். மலையின் பெயரை வைத்துக்கொண்டு மண்ணுக்குள் போயிற்று. அப்பா வண்டி மாட்டிய தகரத் தடுப்பு அந்த வேலையினுடையதுதான். அதன் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை, என்ன செய்ய. முடிந்தால் எண்பது பேர் இல்லை, ஒரு ரயிலுக்கு நூற்றுக்கணக்கில் போவார்கள். அது எங்கே இறக்கும் என்று அம்மா கேட்கவில்லை. ஸ்டேஷன் எங்கே வருகிறதென்று மாதவரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன மாதம் இரவு ஷிப்டில் யார்டில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. டேப் எடுத்து அளந்து பார்த்தேன். நீளம் முப்பது மீட்டர், அகலம் இருபத்திரண்டு. ஒயர் கிடையாது, ஹைமாஸ் விளக்குக் கம்பம் ஒன்று மட்டும் ஓரத்தில். வாட்ச்மேன் தாத்தா டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, அளந்துனு கீற?"

"ஏரோப்ளேன் எறங்க எடம் பாக்குறேன், தாத்தா."

அவர் சிரிக்கவில்லை. டார்ச்சை நாலு மூலைக்கும் அடித்துப் பார்த்தார்.

"எறங்கும். ஆனா காலைல ஆறு மணிக்கு இங்க பொட்டி வந்துரும்பா."